ஆடினாலும் விழாத சுவர்

ஷில்லாங் ஒரு மலை ஊர். இன்று அது மேகாலயா மாநிலத்தின் தலைநகரம். 1897-ஆம் ஆண்டில் அசாம் மாகாணத்தின் தலைமை இடமாக இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே கல்லால் வீடு கட்டியிருந்தார்கள். அலுவலகமும் கல்லால் கட்டினார்கள். மாதா கோயிலும் கல்தான். கல் கட்டடம் என்றால் உறுதி என்பது அவர்கள் எண்ணம். நம்மில் பலருக்கும் அதே எண்ணம் உண்டு.

அந்த ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி, சனிக்கிழமை. மாலை 5 மணி கடந்திருந்தது. திடீரென்று பூமி அதிர்ந்தது. நிற்க முடியவில்லை. நடக்க முடியவில்லை. ஆட்டம் நின்றபோது ஷில்லாங்கில் இருந்த கல் கட்டடங்கள் எல்லாம் கற்குவியலாகக் கிடந்தன. அசாமிலும் சுற்றுப் பகுதிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் ஓல்தாம் என்று ஓர் அறிஞர் இருந்தார். இந்த நிலநடுக்கம் பற்றிய ஆய்வை அவர் நடத்தினார். எந்த வீடு விழுந்தது, எந்த வீடு நின்றது என்றும் எழுதி வைத்தார். கல் கட்டடங்கள் எல்லாம் விழுந்துவிட்டன. நாணல் தட்டிச் சுவர் வைத்த வீடுகளில் ஏறத்தாழப் பாதி பாழாயின. ஆனால் மரச் சட்டம் கோத்துப் பலகை அடித்த வீடுகள் தப்பின. அந்தப் பலகை வீடுகள் தரையோடு இறுக்கிப் பிணைக்கப்படவில்லை. ஒரு பெட்டியைத் தரையில் வைத்ததுபோல் சும்மா உட்கார்ந்திருந்தன. தரை ஆடியது, வீடு கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

இந்தக் குறிப்பு மிகவும் முக்கியமானது. மரம் வைத்தால் மட்டும் வீடு தப்பாது, மரத்தை எப்படிக் கோக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று இது காட்டுகிறது. பாதி வீடுகள் பாழாகி, மற்றவை தப்பியதற்குக் காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

அசாம் மாதிரி வீடு

1897-க்குப் பிறகு வடகிழக்கில் கட்டடம் கட்டும் முறை மாறியது. கனமான கல் சுவர் குறைந்தது. மரச் சட்ட வீடுகள் பெருகின. பங்களாக்கள், பள்ளிகள், அலுவலகங்கள், சாதாரண மக்களின் வீடுகள் எல்லாம் இந்த மாதிரியில் கட்டப்பட்டன. இதற்கு ‘அசாம் மாதிரி வீடு’ என்றே பெயர் வந்துவிட்டது. கொத்தனார்களும் தச்சர்களும் ஏற்கெனவே அறிந்திருந்த நாட்டு முறையும், ஆங்கிலேயர் கொண்டுவந்த தகரக் கூரையும் சேர்ந்து பிறந்த வீடு இது.

அதன் வெளிச்சுவரைக் கீழிருந்து மேலே பார்ப்போம்.

முதலில் அஸ்திவாரமும் பேஸ்மட்டமும். இவை கல் அல்லது செங்கல். அதன் மேல் ஏறத்தாழ மூன்றடி உயரத்துக்கு, அதாவது ஜன்னலின் கீழ்மட்டம் வரைக்கும், செங்கல் சுவர் வரும். மழைச்சாரல் தெறித்து மரம் நனையாமல் இருக்க இந்த ஏற்பாடு. அசாமில் மழை எப்படிப் பெய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்கு மேல்தான் மரம். நீளவாக்கில் ஓர் அடிச்சட்டம் படுத்திருக்கும். அதன் மீது வரிசையாகக் கால்சட்டங்கள் நிற்கும். அவற்றின் தலையில் ஒரு மேல்சட்டம் படுத்திருக்கும். நடுவிலும் குறுக்குச் சட்டங்கள் ஓடும். இப்படிச் சுவர் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும். பழைய வீடுகளில் சால மரம் அதிகம். கனமான மரம், எளிதில் உளுக்காது.

கட்டங்களுக்கு உள்ளே இக்ரா. ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் வளரும் ஒரு நாணல் வகை இது. வெட்டி, காயவைத்து, நெருக்கமாக அடுக்கித் தட்டியாக்கிச் சட்டத்தில் பொருத்துவார்கள். இரண்டு பக்கமும் சாணி கலந்த மண் பூசுவார்கள். மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். பிற்காலத்தில் சிமெண்டுப் பூச்சும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டங்கள் தெரியும். உள்ளே இருப்பது புல் என்று சொன்னால் புதிதாக வருகிறவர் நம்பமாட்டார்.

கூரைக்கு மரக் கைகள், அவற்றின் மேல் வளைவுத் தகரம். எல்லாம் சேர்ந்து எடை மிகக் குறைவு.

எடைதான் எமன்

நிலநடுக்கம் வீட்டை எப்படி விழத்தட்டுகிறது? பேருந்தில் நின்றுகொண்டு போகிறவரைப் பாருங்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். பேருந்து நிற்கிறது. நின்றிருந்தவரின் பாதமும் நிற்கிறது. ஆனால் உடல் முன்னே போகிறது. அவர் தடுமாறுகிறார். தலையில் ஒரு மூட்டை இருந்தால் இன்னும் மோசம். விழுந்தே விடுவார்.

வீட்டுக்கும் இதே கதைதான். பூமி நகரும்போது அஸ்திவாரம் அதோடு நகர்கிறது. மேலே உள்ள சுவரும் கூரையும் பின்தங்குகின்றன. மறு நொடியில் பூமி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சுவரின் எடை கூடக்கூட, அதைத் தள்ளும் விசையும் கூடும். வெளியிலிருந்து யாரும் வந்து தள்ளவில்லை. வீட்டின் சொந்த எடையே வீட்டைத் தள்ளுகிறது.

9 அங்குலக் கனமுள்ள செங்கல் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 அடி நீளம், 10 அடி உயரம். அதன் எடை ஏறத்தாழ 4 டன். நான்கு பக்கத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எடைக்கு நடுவேதான் குடும்பம் படுத்துத் தூங்குகிறது. இக்ரா சுவருக்கு இதில் ஒரு சிறு பங்கு எடைதான் இருக்கும். அது விழுந்தாலும் ஆளை நசுக்குவது அரிது.

இன்னொன்றும் உண்டு. செங்கல்லும் கல்லும் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் வளைத்தால் வெடிக்கும். மரம் வளையும், முனகும், திரும்ப நிமிரும்.

நான்கு குச்சி, நான்கு ஆணி

அப்படியானால் மரச் சட்டம் போதுமே, விதி எதற்கு? ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம்.

நான்கு குச்சிகளை எடுத்துக் கட்டமாக வைத்து, மூலைக்கு ஓர் ஆணி அடியுங்கள். மேலே இருக்கும் குச்சியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். கட்டம் சாய்ந்துவிடும். எவ்வளவு தடித்த குச்சி வைத்தாலும் சாயும். இப்போது ஐந்தாவது குச்சி ஒன்றை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக வைத்து ஆணி அடியுங்கள். மறுபடியும் தள்ளுங்கள். அசையாது. ஒரு கட்டம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. முக்கோணத்தின் பக்கங்கள் முறிந்தால் தவிர அதன் வடிவம் மாறாது.

பந்தல் போடுகிறவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருந்தாலும் கால் நட்டு முடித்ததும் மூலையில் ஒரு சாய்வுக் கழியைக் கட்டாமல் அவர் கீழே இறங்கமாட்டார். தோட்டத்துப் படலிலும் சாய்வாக ஒரு குச்சி இருக்கும். சைக்கிளின் நடுச்சட்டமும் முக்கோணம்தான்.

மரச் சட்டச் சுவரின் உயிர் இந்தச் சாய்வுச் சட்டத்தில் இருக்கிறது. வீடு கட்டும்போது முதலில் விட்டுப்போவதும் இதுதான். ஏனென்றால் நிலநடுக்கம் வராத நாளில் அதற்கு வேலையே இல்லை. கூரையை அது தாங்குவதில்லை. ஜன்னல் வைக்க இடைஞ்சலாக இருக்கிறது. மரம் வேறு செலவாகிறது. “எடுத்துவிடலாமே” என்று தோன்றும். எடுத்துவிடுகிறார்கள்.

விதி நூல் சொல்வது

இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்பது மத்திய அரசின் அமைப்பு. பொருள்களுக்கும் வேலை முறைகளுக்கும் அது தர விதிகளை வெளியிடுகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான விதி நூலின் எண் ஐ.எஸ். 4326. முதலில் 1967-இல் வந்தது. பிறகு சில முறை திருத்தப்பட்டது. 1993-ஆம் ஆண்டுப் பதிப்பில் மர வீடுகளுக்கென்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது.

அந்தப் பகுதி மரத்தைப் பற்றி நல்லதாகவே தொடங்குகிறது. எடையோடு ஒப்பிட்டால் மரத்தின் வலிமை அதிகம்; ஆகவே நிலநடுக்கப் பகுதிகளுக்கு மிகவும் ஏற்றது என்கிறது. ஆனால் இரண்டு தளத்துக்கு மேல் போக வேண்டாம் என்று உடனே எல்லை போடுகிறது. கூரைக்கு அடியில் பரண் இருக்கலாம்.

மர வேலை பேஸ்மட்டத்துக்கு மேலேதான் தொடங்குவது நல்லது. அதற்குக் கீழே கல், செங்கல் அல்லது கான்கிரீட். மரத்தை மண்ணில் நட்டால் ஈரம் ஏறும், கறையான் ஏறும்.

பேஸ்மட்டத்தின் மேல் வீட்டை எப்படி வைப்பது? இரண்டு வழி சொல்லப்படுகிறது. ஒன்று, அடிச்சட்டத்தைப் போல்ட்டுப் போட்டு இறுக்கி, வீட்டையும் அஸ்திவாரத்தையும் ஒன்றாக்கிவிடுவது. மற்றொன்று, சும்மா உட்காரவைப்பது. ஒரே தளமுள்ள, 50 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறிய வீடாக இருந்தால், உறுதியான சமதரையில்கூட அப்படி வைக்கலாம். 50 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 540 சதுர அடி. தரை ஆடும்போது வீடு நகர்ந்துகொள்ளும். ஷில்லாங்கின் பலகை வீடுகள் 1897-இல் செய்தது இதைத்தான். ஆனால் பாதி இறுக்கி, பாதி விடுவது கூடாது. ஒரு மூலையில் போல்ட்டும் மறு மூலையில் வெறும் கல்லுமாக இருந்தால் வீடு முறுக்கிக்கொள்ளும்.

இனிச் சுவர். பாரம் தாங்கும் சுவரில் கால்சட்டம் இழைத்து முடித்த பிறகு குறைந்தது 40 மில்லிமீட்டருக்கு 90 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ‘இழைத்து முடித்த பிறகு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மரக்கடையில் வாங்கும் அளவு வேறு. அறுத்து, இழைத்து, தேய்த்த பின் கையில் மிஞ்சும் அளவு வேறு. கால்சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதற்கு அட்டவணை உண்டு. மரத்தின் வகை, சட்டத்தின் பருமன், மேலே வரும் பாரம் ஆகியவற்றைப் பொறுத்து இடைவெளி மாறும்.

சாய்வுச் சட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. பாரம் தாங்கும் சுவரில் 1.6 மீட்டருக்கு 1 மீட்டர் பரப்புக்கு ஒரு சாய்வுச் சட்டமாவது வேண்டும். சட்டத்தின் மேல் பலகையை நெருக்கமாக வைத்துச் சரியாக ஆணி அடித்திருந்தால் சாய்வுச் சட்டத்தை விட்டுவிடலாம். பலகையே அந்த வேலையைச் செய்துவிடும். இக்ராவுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. நாணலும் மண்ணும் பலகை போல இழுத்துப் பிடிக்காது.

சுவர்கள் சந்திக்கும் மூலையிலும் இதே முக்கோணப் பாடம்தான். அங்கே அடிமட்டத்திலும், தள மட்டத்திலும், இறவார மட்டத்திலும் படுக்கைவாட்டில் மூலைக்கட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுவர் கிழக்கே போகும், அடுத்த சுவர் வடக்கே போகும். வீடு புத்தகம் விரிவதுபோல் விரியும்.

ஒரு விதியைத் தச்சர்கள் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளலாம். சட்டத்தோடு சட்டம் பொருத்தும்போது கால்சட்டத்தில் வெட்டு எடுக்க வேண்டிவரும். அந்த வெட்டு 20 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்த இடத்தில் இரும்புப் பட்டை வைத்துப் பலப்படுத்த வேண்டும். பட்டை குறைந்தது 1.5 மில்லிமீட்டர் கனம், 35 மில்லிமீட்டர் அகலம். வெட்டின் இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் தாண்டி நீள வேண்டும். முனைகளைப் போல்ட்டு அல்லது திருகாணியால் பிடிக்க வேண்டும். அழகாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக ஆழமாக வெட்டிவிடுகிற பழக்கம் நல்ல தச்சர்களிடமும் உண்டு. வெளியே பார்க்க நேர்த்தியாக இருக்கும். உள்ளே மூன்றரை அங்குலச் சட்டம் ஒன்றரை அங்குலமாகியிருக்கும். முறியும்போது அங்கேதான் முறியும்.

இந்த நூலில் இன்னொரு சிறிய விஷயம் உண்டு. சட்டத்தின் மேல் எதை வைத்து மூடலாம் என்று சொல்லும் இடத்தில், பலகைக்கு முன்பாகவே ‘இக்ரா’ என்ற சொல் வருகிறது. ஆற்றங்கரை நாணலின் பெயர் தேசிய விதி நூலில் அச்சாகியிருக்கிறது.

மரம் இருந்தும் விழுந்த வீடுகள்

1993 செப்டம்பர் 30. மகாராஷ்டிர மாநிலம், லாத்தூர் மாவட்டம், கில்லாரி வட்டாரம். முதல் நாள்தான் விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து மக்கள் படுத்திருந்தார்கள். அதிகாலை 4 மணி ஆக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே மாண்டார்கள். அதிர்வின் அளவு 6.2. அசாமில் வந்ததோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அந்த வீடுகளிலும் மரத்தூண்கள் இருந்தன. உத்தரமும் இருந்தது. ஆனால் தூண்களைச் சுற்றி இரண்டடி, மூன்றடிக் கனத்தில் கல் சுவர். உருண்டைக் கல்லை மண் சாந்தில் அடுக்கியது. சுவரின் உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் நடுவே கட்டுக்கல் இல்லை. கூரையிலோ ஓர் அடிக்கும் மேல் மண். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று ஆண்டுதோறும் கொட்டிக் கொட்டிச் சேர்ந்த மண். மரச் சட்டத்துக்கும் கல்லுக்கும் பிணைப்பே கிடையாது. சாய்வுச் சட்டமும் கிடையாது. சுவர் இரண்டாகப் பிளந்து சரிந்தது. பல வீடுகளில் சுவர் முழுதும் விழுந்த பிறகும் மரத்தூண்கள் மட்டும் நின்றன.

மரம் தன் வேலையைச் செய்தது. அதை வீட்டோடு சேர்த்துக் கட்டத்தான் ஆள் இல்லை.

ஒட்டுப்போட்ட போர்வை

காஷ்மீரில் வேறு ஒரு முறை இருக்கிறது. பெயர் ‘தஜ்ஜி தேவாரி’. பாரசீக மொழியிலிருந்து வந்த பெயர். துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை போன்ற சுவர் என்று பொருள்.

இங்கே மரச் சட்டத்தால் சிறு சிறு கட்டங்கள் செய்வார்கள். சாய்வுச் சட்டம் தாராளமாக இருக்கும். கட்டங்களில் சிறு கல்லையோ செங்கல்லையோ மண் சாந்து வைத்து அடைப்பார்கள். சுவரின் கனம் கொஞ்சம்தான். தேவதாரு மரம் அங்கே கிடைத்ததால் முறை வளர்ந்தது.

பார்ப்பதற்குக் கிழிசலை ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒட்டுகளே அதன் பலம். ஒரே பெரிய சுவராக இருந்தால் ஒரு விரிசல் விழுந்ததும் மூலைக்கு மூலை ஓடும். சுவர் மொத்தமாகப் போய்விடும். இங்கே விரிசல் ஒரு கட்டத்தில் தொடங்கி, பக்கத்துச் சட்டத்தில் மோதி நின்றுவிடும். நூறு கட்டத்தில் நூறு சின்ன விரிசல் விழும். கல்லும் மண்ணும் மரமும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில் நிலநடுக்கத்தின் வேகம் கரையும். மறுநாள் மண் குழைத்துப் பூசினால் சுவர் பழையபடி.

2005 அக்டோபர் 8-ஆம் தேதி காஷ்மீரில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அளவு 7.6. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் சேர்த்து எழுபதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியப் பக்கத்தில் ஊரி, தங்தார் பகுதிகளுக்குச் சேதம் அதிகம். கல் வீடுகளும் சரியாகக் கட்டாத கான்கிரீட் வீடுகளும் நொறுங்கிய ஊர்களில், தஜ்ஜி வீடுகள் நின்றதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் பிறகு பாகிஸ்தான் பக்கத்தில் மறுகட்டுமான வேலைக்குத் தஜ்ஜி முறையும் அரசால் ஏற்கப்பட்டது. இந்தியாவின் விதி நூலிலும் மரச் சட்டத்துக்குள் செங்கல் அடைக்கும் சுவருக்கு விதிகள் உண்டு. தஜ்ஜிக்கு அது நெருங்கிய உறவு.

2011 செப்டம்பர் 18-இல் சிக்கிமில் நிலம் நடுங்கியது. அங்கேயும் இதே பாடம். புதிய அடுக்குக் கான்கிரீட் கட்டடங்கள் பல பழுதாயின. பழைய இக்ரா வீடுகளில் பூச்சு உதிர்ந்ததுதான் பெரும்பாலும் நடந்த சேதம்.

ஈரம், கறையான், தீ

மரத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மரத்துக்கு மூன்று பகைவர்கள் உண்டு. 1897 வீடுகளில் சில ஏன் விழுந்தன என்று கேட்கும்போது இவர்களையும் நினைக்க வேண்டும்.

ஈரத்தில் மரம் இற்றுப்போகும். அதிலும் அடிச்சட்டம்தான் முதலில் இறும். மேலிருந்து வழியும் தண்ணீர் அங்கே தங்குகிறது; கீழிருந்து ஏறும் ஈரமும் அங்கே சேர்கிறது. கால்சட்டங்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. சுவர் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்கும். அடிச்சட்டம் உள்ளே பஞ்சாகியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மழைக்காலம் முடிந்ததும் ஒரு கத்திமுனையால் அடிச்சட்டத்தைக் குத்திப் பார்க்க வேண்டும். முனை சிரமமில்லாமல் இறங்கினால் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். பேஸ்மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் ஏறாத ஒரு தடுப்பு போடுவதும், கூரையை இரண்டடியாவது வெளியே நீட்டுவதும் செலவு குறைந்த காப்பு.

பச்சை மரத்தில் வீடு கட்டக் கூடாது. காயக்காய மரம் சுருங்கும். இறுக்கமாக இருந்த இணைப்பு தளர்ந்துவிடும். ஆணி பிடிக்காது. காய்ந்த மரமாக இருந்தாலும் மருந்து ஏற்ற வேண்டும். மரத்துக்கு மருந்து ஏற்றும் முறைக்கு ஐ.எஸ். 401 என்ற தனி விதி நூல் உண்டு. கறையானுக்கும் தனி நூல் உண்டு.

தீ எல்லாவற்றையும்விடக் கொடியது. அடுப்பங்கரைத் தீ, மின்கசிவு இரண்டையும் ஐ.எஸ். 4326 பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. ஸ்ரீநகரின் பழைய தெருக்களில் மர வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசையாகத் தாவும். அடுப்பு இருக்கும் பக்கத்துச் சுவரைச் செங்கல்லாக வைப்பது, மின்கம்பியைச் சட்டத்தில் நேரடியாக ஆணி அடித்து ஓட்டாமல் குழாய்க்குள் விடுவது ஆகியவை மர வீட்டில் அவசியம்.

விதி யாரைக் கட்டும்?

இந்திய விதி நூல்கள் தாமாகவே சட்டமாகிவிடுவதில்லை. மாநில அரசோ நகராட்சியோ தன் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அவை கட்டாயம். நகரத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மலைக் கிராமத்தில் வீடு கட்டுகிறவரின் வரைபடம் பெரும்பாலும் தச்சரின் மனதில் இருக்கிறது. விதி அங்கே எட்டுவதில்லை.

2002-ஆம் ஆண்டின் நிலநடுக்க வரைபடத்தில் நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. எண்கள் இரண்டு முதல் ஐந்து வரை. ஐந்து என்றால் ஆபத்து மிக அதிகம். அசாம், மேகாலயா உட்பட வடகிழக்கின் ஏழு மாநிலங்களும் முழுதாக ஐந்தில் இருந்தன. காஷ்மீரின் ஒரு பகுதியும் அதில் இருந்தது. இங்கெல்லாம் வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் கட்டுவதல்ல.

ஆனால் மர வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. காடு அழிந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. காட்டுக்கு அது தேவையாக இருந்தது. மரத்தின் விலையும் ஏறியது. நகரத்தில் நிலம் விலையேறியதால் ஒரே தள வீட்டை இடித்து ஐந்து தளம் எழுப்பினார்கள். இதில் மரியாதைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. அரசு எடுக்கும் கணக்கில் கல், செங்கல், கான்கிரீட் வீடு ‘பக்கா’. நாணல், மூங்கில், மண் சுவர் வீடு ‘கச்சா’. பக்கா என்றால் உறுதியானது, கச்சா என்றால் அரைகுறை. ஷில்லாங்கில் 1897 ஜூன் 12 காலை வரைக்கும் கல் வீடுதான் பக்கா. சரியாகக் கம்பி கட்டாத கான்கிரீட் வீட்டுக்குப் பக்கா என்று பெயர் கொடுப்பதும், சாய்வுச் சட்டம் வைத்த இக்ரா வீட்டைக் கச்சா என்று ஒதுக்குவதும் நியாயமான கணக்கு ஆகாது.

படத்தைப் படிப்பது

விதி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்திலிருந்து அவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கேட்டால் மர வீட்டுப் பகுதியின் சில பக்கங்களை மட்டும் அச்செடுத்துத் தருவார்கள்.

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அதில் உள்ள படங்களைப் படிக்கலாம். சுவரை முன்னாலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருப்பார்கள். நின்ற கோடுகள் கால்சட்டம். கீழே படுத்த கோடு அடிச்சட்டம், மேலே படுத்தது மேல்சட்டம். கட்டத்துக்குள் மூலைக்கு மூலை ஓடும் கோடு சாய்வுச் சட்டம். படத்தில் அது எந்தெந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஜன்னலுக்கு இடம் விட்டு எங்கே திரும்புகிறது என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர். 25-ஆல் வகுத்தால் ஏறத்தாழ அங்குலம் கிடைக்கும். 90 என்றால் மூன்றரை அங்குலம். 40 என்றால் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். 20 என்றால் முக்கால் அங்குலம். உளியால் அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது.